கட்டைவிரலுக்கு ஒரு கீபோர்டு

கையில் பிடித்து விளையாடும் கேமிங் கருவிக்கு கீபோர்டு எதற்கு என்று கேட்பவர்கள் பெரும்பாலும் லினக்ஸ் போட்ட கருவியை வைத்து மல்லுக்கட்டியதில்லை. பழைய டாஸ் கேம்களை ஓட்டுகிற டாஸ்பாக்ஸில் அட்வென்சர் கேம் ஒன்றைத் திறந்தால் முதல் காட்சியிலேயே ஒரு வாக்கியத்தை டைப் செய்யச் சொல்லும். வைஃபை பாஸ்வேர்டு கேட்கும். ஏதாவது படுத்துவிட்டால், கட்டளைகளை டைப் செய்கிற டெர்மினலைத் திறக்காமல் வேலை நடக்காது. அதற்கெல்லாம் திரையிலேயே ஒரு கீபோர்டு எழும்பும்தான். ஆனால் ஐந்து அங்குலத் திரையில் அது பாதி இடத்தை விழுங்கிவிட்டு, நாம் என்ன அடிக்கிறோம் என்பதையே மறைத்துக்கொண்டு நிற்கும்.

நான் ராஸ்பெர்ரி பை ஜீரோ 2 டபிள்யூ என்ற குட்டிக் கம்ப்யூட்டர் போர்டை வைத்து இப்படி ஒரு கருவி செய்துகொண்டிருக்கிறேன். திரை, பேட்டரி, சார்ஜிங் எல்லாம் ரெடிமேடாகக் கிடைக்கிற விஷயங்கள், வாங்கி ஒட்டிவிடலாம். கீபோர்டு அப்படி இல்லை. கடையில் கிடைக்கும் மினி கீபோர்டுகள் எல்லாமே பெரிய கீபோர்டை ஜெராக்ஸ் மெஷினில் சின்னதாக்கியது மாதிரி இருக்கின்றன. பத்து விரலுக்காகப் போட்ட ஒழுங்கை இரண்டு கட்டைவிரலிடம் கொடுத்தால் என்ன ஆகுமோ அதுதான் ஆகிறது.

இந்த வகைக் கருவிகளில் கீபோர்டை உருப்படியாக யோசித்தவை கொஞ்சம்தான். 2010இல் வெளிவர ஆரம்பித்த பண்டோரா முக்கியமானது. ஆர்வலர்கள் கூடித் தொடங்கிய திட்டம் அது. மடக்கித் திறக்கும் உடம்பு, 4.3 அங்குலத் திரை, கீழ்ப்பாதியில் நாலு திசைக்கும் அழுத்துகிற டி-பேட், இரண்டு குட்டி அனலாக் ஸ்டிக், நான்கு பட்டன், அத்தோடு ஒரு முழு எழுத்துக் கீபோர்டு. அதன் வாரிசான டிராகன்பாக்ஸ் பைரா பல வருஷம் இழுத்து 2020 கடைசியில்தான் ஆட்கள் கைக்குப் போக ஆரம்பித்தது. ஜிபிடி (GPD) கம்பெனியின் வின் 2016இல் விண்டோஸோடு வந்தது, 5.5 அங்குலத் திரை, அதே மடக்கும் வடிவம். பிறகு அதே கம்பெனி வின் 3இல் திரையை மேலே தள்ளினால் அடியில் தொடு கீபோர்டு தெரிகிற மாதிரி செய்தது. அழுத்தினால் இறங்காத, வெறும் தட்டையான கீக்கள். வின் 4இல் மறுபடி அழுத்தக்கூடிய நிஜக் கீக்களுக்கே திரும்பினார்கள். அந்த யூ-டர்ன் ஒன்றே போதும், கட்டைவிரலுக்கு எது வேண்டும் என்று சொல்ல.

கீயின் அளவுக்கும் முன்னால் பார்க்க வேண்டியது கருவியின் அகலம். பண்டோரா 140 மி.மீ., ஜிபிடி வின் 155 மி.மீ. இந்த அகலத்தில் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டால் இரண்டு கட்டைவிரலும் நடுவில் சந்தித்துக்கொள்ளும். வால்வ் கம்பெனியின் கேமிங் கருவியான ஸ்டீம் டெக் 298 மி.மீ. அதன் நடுவில் கீபோர்டு வைத்தால் யாருக்கும் எட்டாது. அதனால்தான் அதில் திரைக் கீபோர்டை இரண்டு டிராக்பேடுக்கும் பாதிப் பாதியாகப் பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள், இடது கை இடது பாதி, வலது கை வலது பாதி. புத்திசாலித்தனமான ஏற்பாடுதான், ஆனால் பார்க்காமல் அடிக்க முடியாது. நான் என் கருவியின் அகலத்தை 150 மி.மீ. என்று வைத்துக்கொண்டு ஆரம்பித்தேன்.

அடுத்தது கட்டைவிரல் உண்மையில் எங்கே படுகிறது என்பது. இதற்குப் பெரிய கருவியெல்லாம் வேண்டாம், ஸ்டாம்ப் பேட் போதும். பத்திர ஆபீஸில் கைநாட்டு வாங்க வைத்திருப்பார்களே, அதே ஊதா மை. ஏ4 தாளில் கீபோர்டை ஒன்றுக்கு ஒன்று அளவில் பிரிண்ட் எடுத்து, ஒவ்வொரு கீயின் மையத்திலும் ஒரு சின்னக் கூட்டல் குறி போட்டு, கருவியின் அளவுக்கு வெட்டிய கனமான அட்டையில் ஒட்டினேன். கட்டைவிரலில் மையைத் தொட்டுக்கொண்டு, அட்டையை நிஜமாகவே விளையாடுகிற மாதிரி பிடித்துக்கொண்டு, கூட்டல் குறிகளைக் குறிவைத்து வேகமாகத் தட்டிப் பாருங்கள். மூன்று விஷயம் உடனே தெரியும். பதிகிற தடம் வட்டமில்லை, நீள்வட்டம். அது நேராக நிற்பதில்லை, இடது விரலின் தடம் ஒரு பக்கம் சாய்ந்தும் வலது விரலின் தடம் எதிர்ப் பக்கம் சாய்ந்தும் விழுகிறது. அப்புறம், தடத்தின் மையம் கூட்டல் குறிமேல் இல்லை. கொஞ்சம் கீழே தள்ளி, அந்தந்தக் கை இருக்கிற பக்கமாக ஒதுங்கியிருக்கிறது. நாம் குறிவைப்பது நகநுனியை வைத்து, தொடுவது அதற்குக் கீழே இருக்கிற சதையால். ஓரத்துக் கீக்களில் விலகல் குறைவு, நடுவுக்குப் போகப் போக விரல் நீட்டிப் படுத்துக்கொள்வதால் தடமும் நீளமாகிறது. வீட்டில் இருந்த எல்லோரையும் பிடித்து இதைச் செய்ய வைத்தேன். கை சின்னவர்களுக்கும் பெரியவர்களுக்கும் தடத்தின் அளவுதான் மாறியது, சாய்வு மாறவில்லை. (அம்மாவுக்கு மட்டும் மை போக இரண்டு நாள் ஆனது, அதற்கான வசவு தனி.)

இதை நான் புதிதாகக் கண்டுபிடித்ததாக நினைத்துக்கொள்ள வேண்டாம். பிளாக்பெர்ரி செய்த கனடாக் கம்பெனியின் மைக் லாசரிடிஸ் 1998லேயே கட்டைவிரலுக்கு ஏற்ற கீபோர்டு என்று அமெரிக்காவில் பேட்டன்டுக்கு விண்ணப்பித்து, 2001இல் வாங்கியும்விட்டார். நீள்வட்டக் கீக்கள், இடது பாதி ஒரு கோணத்திலும் வலது பாதி எதிர்க் கோணத்திலும் சாய்ந்திருப்பது, எல்லாம் அதில் இருக்கிறது. பிளாக்பெர்ரி ஃபோனை வைத்திருந்தவர்கள் அதன் கீபோர்டைப் பற்றி ஏன் இன்றுவரை உருகுகிறார்கள் என்பதற்கு மைத்தடத்தைப் பார்த்தால் பாதிப் பதில் கிடைத்துவிடும்.

மேசைக் கீபோர்டில் ஒரு கீயின் மையத்திலிருந்து அடுத்த கீயின் மையத்துக்கு 19.05 மி.மீ. அதாவது முக்கால் அங்குலம். இங்கே அதில் பாதிகூடக் கிடையாது. நான் 9 மி.மீ. என்று வைத்தேன், பன்னிரண்டு கீ அகலத்துக்கு 108 மி.மீ. ஆகிறது. இங்கேதான் பலரும் கீயைப் பெரிதாக்கப் பார்க்கிறார்கள், 9 மி.மீ. இருந்தால் 8.5 மி.மீ. கீ போட்டு இடைவெளியே இல்லாமல் நெருக்குகிறார்கள். பார்க்க அழகாக இருக்கும், அடித்தால் ஒவ்வொரு முறையும் பக்கத்துக் கீயும் சேர்ந்து இறங்கும், ஏனென்றால் கட்டைவிரலின் சதை எப்படியும் 9 மி.மீ.யைத் தாண்டிப் பரவும். கீ சின்னதாக, நடுவில் உப்பி, சுற்றிலும் தாழ்ந்து இருக்க வேண்டும். அப்போது சதை பரவினாலும் பக்கத்துக் கீயின் உச்சியைத் தொடாது, தாழ்ந்த இடத்தில்தான் உட்காரும். 6.5 மி.மீ. கீ, 2.5 மி.மீ. இடைவெளி, கீயின் நடு ஒரு மி.மீ. போல உயரம், இது என் கைக்குச் சரியாக வந்தது. கண்ணுக்குக் கஞ்சத்தனமாகத் தெரியும், பரவாயில்லை.

இவ்வளவு சின்னக் கீக்களில் வேகமாக அடிக்க முடியுமா என்ற சந்தேகம் வரும். முடியும். மெக்கன்ஸி, சௌகொரெஃப் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் 2002இல் இரண்டு கட்டைவிரல் டைப்பிங்குக்கு ஒரு கணக்கு போட்டு, நன்றாகப் பழகியவருக்கு நிமிடத்துக்கு 60.74 சொல் வரை வரும் என்றார்கள். 2005இல் கிளார்க்சனும் கூட்டாளிகளும் நிஜ ஆட்களை உட்கார வைத்து, 400 நிமிடம் பழக விட்டுப் பார்த்தபோது சராசரி 60 சொல் பக்கம் வந்தது. காகிதத்துக் கணக்கும் கைக்கணக்கும் இவ்வளவு ஒட்டிப் போவது அபூர்வம். மேசைக் கீபோர்டில் அந்த வேகம் எட்டாதவர்கள் எவ்வளவோ பேர் இருக்கிறோம், நானும்தான்.

சரி, இப்போது கீக்கு அடியில் என்ன. என் நேரத்தில் பெரும்பங்கு போனது இதில்தான்.

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் எந்தக் கடையில் கேட்டாலும் 6 மி.மீ. சதுர டாக்ட் ஸ்விட்சைத்தான், அதாவது அழுத்தினால் ‘டிக்’ என்கிற குட்டிப் பட்டனைத்தான், எடுத்துப் போடுவார்கள். விலை மலிவு, சால்டர் செய்வது சுலபம். ஆனால் அதை அழுத்த சாதாரணமாக 160 கிராம் விசை வேண்டும், 260 கிராம் ரகமும் உண்டு. ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமென்றால் மேசைக் கீபோர்டுகளில் பிரபலமான செர்ரி எம்எக்ஸ் ரெட் ஸ்விட்சுக்கு 45 கிராம் பக்கம்தான். அதுவும் அங்கே கீ 2 மி.மீ. இறங்கிய பிறகுதான் எழுத்து விழும், டாக்ட் ஸ்விட்ச் மொத்தமாகவே கால் மி.மீ.தான் அசையும். அதாவது விரல் ஒரு சுவரில் முட்டி நிற்கிறது, ஒவ்வொரு எழுத்துக்கும். நாலு வரி அடித்ததும் கட்டைவிரலின் அடிப்பக்கம், மணிக்கட்டை ஒட்டிய இடம், வலிக்க ஆரம்பிக்கும். அந்த இடத்துத் தசைநாண் உறை வீங்குவதற்கு டி குவெர்வெய்ன் என்று ஒரு சுவிஸ் மருத்துவர் பெயர் இருக்கிறது, 1895இலேயே எழுதி வைத்துவிட்டார். நூறு வருஷம் கழித்து பிளாக்பெர்ரி தம்ப், கேமர்ஸ் தம்ப் என்றெல்லாம் செல்லப்பெயர் வந்தது. அப்புறம் சத்தம். ராத்திரி எல்லோரும் தூங்கிய பிறகு டாக்ட் ஸ்விட்சில் ஒரு பத்தி அடித்துப் பாருங்கள், யாராவது எழுந்து வந்து கேட்பார்கள்.

இதற்கு நேர் எதிர்க்கோடி டிவி ரிமோட்டில் இருக்கிற ரப்பர். சிலிக்கோன் விரிப்பின் ஒவ்வொரு கீக்கு அடியிலும் ஒரு கார்பன் வில்லை, அது கீழே போர்டில் சீப்புப் பற்களைக் கோத்த மாதிரி இருக்கும் தங்கமுலாம் தடங்களைத் தொட்டால் இணைப்பு. பெரும்பாலான கேம் கன்ட்ரோலர்களின் டி-பேடும் இதுதான், மெத்தென்று இருக்கும், சத்தமே இருக்காது. டி-பேடுக்கு இதைவிட நல்லது கிடையாது என்பது என் கட்சி. எழுத்துக் கீக்கு வந்தால் கதை வேறு. அழுத்தியது விழுந்ததா என்று விரலுக்குத் தெரியாது, கண் திரைக்குப் போய்த்தான் உறுதி செய்துகொள்ள வேண்டும். 6.5 மி.மீ. கீயில் அது பெரிய இம்சை.

நடுவழி மெட்டல் டோம். ஸ்டீல் தகட்டில் செய்த குட்டிக் கிண்ணத்தைக் கவிழ்த்த மாதிரி இருக்கும், 5 மி.மீ. விட்டத்தில்கூடக் கிடைக்கிறது. அழுத்தினால் ஒரு கட்டத்தில் சட்டென்று உள்வாங்கி நடுத் தடத்தைத் தொடும், விட்டால் துள்ளி எழும். அந்த ‘சட்’ தான் முக்கியம். உச்சத்தில் வேண்டியிருந்த விசைக்கும் உள்வாங்கிய பிறகு வேண்டிய விசைக்கும் உள்ள வித்தியாசத்தை உச்ச விசையால் வகுத்தால் ஸ்நாப் ரேஷியோ. அது பாதிக்குப் பக்கத்தில் இருந்தால் விரலுக்குத் தெளிவாகத் தெரியும், ரொம்பக் குறைந்தால் ரப்பர் மாதிரி கொழகொழத்துப் போகும். நான் எடுத்துக்கொண்டது 100 கிராமுக்குப் பக்கத்தில் உள்வாங்குகிற டோம், அதன்மேல் சிலிக்கோன் விரிப்பு, விரிப்பிலேயே உப்பிய கீக்கள். சிலிக்கோன் சத்தத்தை அமுக்குகிறது, டோம் உணர்வைக் கொடுக்கிறது.

இதில் ஒரு நுணுக்கம். கீயின் அடியில் டோமின் நடுவை மட்டும் தொடுகிற மாதிரி ஒரு சின்ன முளை வேண்டும். முளை அகலமாக இருந்தால் டோமின் தோள்பட்டையையும் சேர்த்து அமுக்கும், ‘சட்’ செத்துப்போகும். முளை ஒல்லியாக இருந்து நடுவிலிருந்து அரை மி.மீ. விலகினாலும் அதே கதை. மைத்தடப் பரீட்சையில் விரல் எப்போதும் கீயின் கீழ் ஓரத்தில்தான் படுகிறது என்று பார்த்தோமே, அப்படி ஓரத்தில் அழுத்தும்போது கீ சாய்ந்து முளையும் சாய்கிறது. அதனால் கீயின் உப்பலை மையத்தில் வைக்காமல் விரல் விழுகிற பக்கமாக நகர்த்தி வைத்தேன், முளையும் டோமும் அதற்கு நேர் கீழே. இடது பாதிக் கீக்களில் ஒரு பக்கம், வலது பாதிக் கீக்களில் மறுபக்கம். போர்டைப் பார்த்தால் டோம் வரிசை கோணல்மாணலாக இருக்கும். விரலுக்கு அது நேர்.

எழுத்துக் கீக்களை விட்டால் ஷிஃப்ட், கன்ட்ரோல், ஆல்ட் எங்கே போவது என்பது பாக்கி. இதில்தான் பண்டோராக்காரர்களுக்கு ஒரு கும்பிடு. அவர்கள் கேம் பட்டன்களையும் கீபோர்டையும் இரண்டு தனிச் சாமான்களாக நினைக்கவே இல்லை. பின்பக்கத்து இடது ஷோல்டர் பட்டன் லினக்ஸுக்கு வலது ஷிஃப்டாகத் தெரியும், வலது ஷோல்டர் பட்டன் வலது கன்ட்ரோல். ஸ்டார்ட் பட்டன் ஆல்ட், செலக்ட் பட்டன் இடது கன்ட்ரோல். ஏ, பி, எக்ஸ், ஒய் நான்கும் ஹோம், எண்ட், பேஜ் டவுன், பேஜ் அப். யோசித்துப் பாருங்கள், கருவியைப் பிடித்திருக்கும்போது கட்டைவிரல் இரண்டும் வேலை செய்கின்றன, ஆள்காட்டி விரல் இரண்டும் பின்னால் ஷோல்டர் பட்டன்மேல் சும்மா படுத்திருக்கின்றன. பெரிய எழுத்துக்கு அவற்றில் ஒன்றை மடக்கினால் போதும். கட்டைவிரல் தன் வேலையை விட்டுவிட்டு மூலையில் கிடக்கிற ஷிஃப்டைத் தேடிப் போக வேண்டியதில்லை. கீபோர்டில் அம்புக்குறிக் கீக்களும் தேவையில்லை, டி-பேட் எதற்கு இருக்கிறது. இந்த ஒரு முடிவால் எனக்கு எட்டுப் பத்து கீ மிச்சமானது, அந்த இடம் முழுக்க எழுத்துகளுக்குப் போனது.

ஃபங்ஷன் கீ ஒன்று மட்டும் கட்டைவிரலுக்கே விட வேண்டியிருந்தது. அதை ஒட்டுக் கீ ஆக்கிவிட்டேன், அதாவது ஒருமுறை தட்டி விட்டுவிட்டால் அடுத்து அடிக்கும் கீக்கு மட்டும் அது செல்லும். கீபோர்டுக்குள் ஓடுகிற கியூஎம்கே என்ற மென்பொருளில் இதற்கு ஒன்-ஷாட் என்று பெயர். இடது கட்டைவிரல் ஃபங்ஷனையும் இடது பாதி எழுத்தையும் ஒரே நேரத்தில் அழுத்த முடியாது, ஆகவே இது இல்லாமல் முடியாது. விளையாடும்போது மட்டும் இது அணைந்துவிட வேண்டும், இல்லையென்றால் கை பட்டு எங்கோ ஒட்டிக்கொண்டு அடுத்த பட்டன் வேறு வேலை செய்யும்.

மின்சார வேலை அவ்வளவு சுவாரசியமில்லை, வேகமாகச் சொல்லிவிடுகிறேன். கீக்களை வரிசை, நெடுவரிசை என்று கட்டமாக வயரில் கோப்பதுதான் மேட்ரிக்ஸ். நான்கு வரிசை, பன்னிரண்டு நெடுவரிசை, அதற்கு 16 பின். டி-பேடுக்கு நான்கு, ஏ பி எக்ஸ் ஒய்க்கு நான்கு, ஷோல்டருக்கு இரண்டு, இவை மேட்ரிக்ஸில் சேராமல் நேரடியாக. மொத்தம் 26. கீபோர்டை மட்டும் கவனிக்கிற ராஸ்பெர்ரி பை பிக்கோ போர்டில், பட்டன்களை இணைக்க வெளியே கிடைக்கிற ஜிபிஐஓ பின்களும் சரியாக 26. ஸ்டார்ட், செலக்ட் இரண்டும் மேட்ரிக்ஸின் கடைசி வரிசையில் ஒண்டிக்கொண்டன, அனலாக் ஸ்டிக் வேண்டுமென்றால் வேறு சிப் பார்க்க வேண்டும். கேம் பட்டன்களைத் தனியாக இழுத்ததற்கு ஒரு காரணம் உண்டு. மின்சாரத்தை ஒரே திசையில் விடுகிற டயோடு போடாத மேட்ரிக்ஸில் ஒரு செவ்வகத்தின் மூன்று மூலைக் கீக்களை ஒன்றாக அழுத்தினால் நான்காவது மூலையும் அழுத்தியதாகக் காட்டும், கோஸ்டிங் என்பார்கள். மேட்ரிக்ஸில் எழுத்துகள் மட்டும் இருந்து, ஷிஃப்டும் கன்ட்ரோலும் வெளியே போய்விட்டால், இரண்டு கட்டைவிரலால் மூன்று கீ அழுத்த வாய்ப்பே இல்லை. ஒரு விரல் தடித்து இரண்டு கீமேல் விழுந்தால் உண்டுதான், ஆனால் அது ஏற்கெனவே தப்பாக அடித்ததுதானே. நாற்பத்துச் சொச்சம் டயோடு சால்டர் செய்கிற வேலை மிச்சம்.

இப்போது நமக்கே உரிய ஒரு விஷயம். மினி கீபோர்டுகள் பெரும்பாலும் பத்து நெடுவரிசையோடு நிறுத்திக்கொள்ளும், குவெர்ட்டியின் மேல் வரிசைக்கு அது போதும். தமிழ்க் கீபோர்டு ஒழுங்கான தமிழ்99க்குப் போதாது. அதில் ச, ஞ இரண்டும் பி கீக்கு வலப்பக்கம் உள்ள சதுர அடைப்புக்குறிக் கீக்களில் இருக்கின்றன. ந அரைப்புள்ளிக் கீயில், ய மேற்கோள் கீயில், ழ சாய்கோட்டில். பத்து நெடுவரிசையோடு வெட்டினால் இவற்றில் ச, ஞ, ய மூன்றும் அடிபடும். ச, ய இல்லாமல் தமிழில் ஒரு வரி எழுதிப் பாருங்கள், அல்லது ஒவ்வொரு தடவையும் ஃபங்ஷன் அழுத்தி எழுதிப் பாருங்கள். அதற்காகத்தான் பன்னிரண்டு நெடுவரிசை என்று பிடிவாதமாக நின்றேன், கீயின் அளவை 9 மி.மீ.க்குக் குறைத்ததற்கும் அதுதான் காரணம். ஆங்கிலம் மட்டும் என்றால் தாராளமாக 10.5 மி.மீ. போட்டிருக்கலாம்.

ஆனால் அந்த விட்டுக்கொடுப்புக்குக் கிடைத்த பலன் எதிர்பாராதது. தமிழ்99இல் உயிரெழுத்துகள் இடது கைக்கு, மெய்கள் அநேகமாக வலது கைக்கு. வ, ங மாதிரி ஓரிரண்டு மட்டும் இடப்பக்கம். தமிழ்ச் சொல் என்பதே மெய், உயிர், மெய், உயிர் என்று மாறி மாறிப் போவதுதானே, அதனால் கட்டைவிரல்களும் வலது, இடது, வலது, இடது என்று மாறி மாறி இறங்குகின்றன. ஒரு விரல் அழுத்தும்போது மற்றது அடுத்த கீக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது. க-வை இரண்டு முறை தட்டினால் க்க என்று புள்ளி தானாக விழுவது இன்னொரு வசதி, அடிக்க வேண்டிய கீயும் குறைகிறது. மேசைக் கீபோர்டில் நான் தமிழ்99ஐப் பெரிதாகக் கண்டுகொண்டதில்லை, ஆங்கில எழுத்தில் ஒலியை அடித்தால் தமிழாகிற ஒலிபெயர்ப்பு முறையிலேயே காலம் ஓட்டியவன். கட்டைவிரலில் ஒலிபெயர்ப்பு முறை ஒத்துவரவில்லை, ஒரு எழுத்துக்கு இரண்டு மூன்று தட்டு, அதுவும் பல சமயம் ஒரே பக்கத்தில். இந்தக் கருவியில் தமிழ்99 தவிர வேறு போட மாட்டேன்.

மற்றவை சில்லறை. ஸ்பேஸ் கீழ் வரிசையின் நடுவில், மூன்று கீ அகலம், எந்தக் கட்டைவிரல் காலியோ அது அழுத்தும். பேக்ஸ்பேஸ் மூன்றாவது வரிசையின் வலது ஓரம். மினி கீபோர்டில் அதிகம் தேய்கிற கீ அதுதான், அதை மூலையில் குட்டியாக வைப்பவர்களுக்கு என்ன கோபமோ தெரியவில்லை. எஃப், ஜே கீக்களில் இருக்கும் மேடு இங்கே உதவாது, கட்டைவிரல் எங்கேயும் ஓய்வெடுப்பதில்லை. அதற்குப் பதிலாக இரண்டு பாதிக்கும் நடுவில் மெல்லிய ஒரு வரம்பு விட்டிருக்கிறேன், விரல் எல்லை தாண்டினால் தட்டுப்படும்.

பாலன்ஸ் ஒன்று இருக்கிறது, அதை யாரும் காகிதத்தில் கவனிப்பதில்லை. மடக்கும் கருவியில் திரை மேல்பக்கம், கனமும் அங்கேதான். கீபோர்டு கீழ் விளிம்பை ஒட்டி இருந்தால் டைப் செய்யும்போது கை கீழே இறங்கிவிடும், கருவி பின்பக்கமாகச் சாயப் பார்க்கும், அதைத் தடுக்க மற்ற விரல்கள் இறுக்கிப் பிடிக்கும், வலி அங்கிருந்து ஆரம்பிக்கும். பேட்டரியைக் கீபோர்டுக்கு நேர் அடியில், முன் விளிம்பை ஒட்டி வைத்ததும் இது பெருமளவு சரியானது. பேட்டரியை எங்கே இடம் இருக்கிறதோ அங்கே திணிக்காதீர்கள், முதலில் கையில் வைத்துப் பாருங்கள்.

எழுத்துகளை எப்படிப் பதிப்பது என்பதுதான் இன்னும் முடிவாகவில்லை. 6.5 மி.மீ. கீயில் ஆங்கிலமும் தமிழும் எண்ணும் குறியும் சேர்ந்தால் எதுவும் படிக்க முடியாது. தமிழைக் கீயிலும் மற்றதைக் கீக்களுக்கு இடையில் உள்ள பிளேட்டிலும் அச்சடிக்கலாமா என்று பார்க்கிறேன். சிலிக்கோனில் சாதாரண மை நிற்பதில்லை, நகத்தால் சுரண்டினால் வந்துவிடுகிறது. சிலிக்கோனுக்கென்றே இருக்கிற மையில் ஸ்கிரீன் பிரிண்ட் செய்து தருகிறவர்கள் சின்ன எண்ணிக்கைக்கு இறங்கி வருவதில்லை. ஒன்று இரண்டு விரிப்புக்குச் செய்து தருகிற இடம் யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள்.